கல்லடைப்புக்கு ஒரு பெட்டி பீர்

சித்திரை பிறந்து நாலாம் நாள், வெங்காயக் காட்டில் மடை மாற்றிக்கொண்டிருந்த செங்கோட்டையன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பிலேயே சுருண்டு படுத்துக்கொண்டார். மும்முனைக் கரண்ட் வந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. கரண்ட் இருக்கிற நேரத்தில் எமனே வந்தாலும், தண்ணீர் பாய்ந்து முடியட்டும், சித்த உட்கார் என்று சொல்லுகிற வம்சம் அது. அப்பேர்ப்பட்ட மனுசன் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறார் என்றால் சின்ன விஷயமாக இருக்காது. களத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த சௌந்திரம் முறத்தை வீசிவிட்டு ஓடினாள்.

"ஏனுங்க, என்னாச்சுங்க? பூச்சி கீச்சி தொட்டுருச்சுங்களா?"

"இல்ல புள்ள. இடுப்புல கத்திய உட்டுத் திருகறாப்பல இருக்குது. நீ மொதல்ல மோட்டார நிறுத்து. தண்ணி வீணாப் போவுது பாரு."

கட்டின பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டும் என்றுகூட அந்த ஆளுக்குத் தோன்றவில்லை. அவளும் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்துதான் அழுதாள்.

நாமக்கல்லில் படம் பிடித்துப் பார்த்த டாக்டர், துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கல் இருப்பதாகச் சொன்னார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வாழைத்தண்டு, இளநீர், பார்லித் தண்ணீர் எல்லாம் நல்லது. ஒரு மாதம் பார்க்கலாம். இறங்காவிட்டால் சேலத்துக்குப் போய்க் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். சொன்னதெல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னார். ஆனால் செங்கோட்டையனுக்கும் சௌந்திரத்துக்கும் கிழிப்பது ஒன்றைத் தவிர வேறெதுவும் காதில் ஏறவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது ஒன்றும் அதிசயமில்லை. அந்த வீட்டில் புருசனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டு ரொம்பக் காலமாகிறது. மோட்டார் போடு, மாடு பிடி, விதை எடு என்கிற அளவில் பேச்சு நின்றுபோயிருந்தது. ஒரே மகளையும் மோகனூரில் கட்டிக்கொடுத்தபின் அதற்கும் குறைவு.

மறுநாள் சௌந்திரத்தின் கூடப்பிறந்த அண்ணன் சின்னண்ணன் ஒரு குலை இளநீரோடு வந்தார். அவருக்குப் பக்கத்து ஊர். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை நகர்த்த முடியாது.

எருமப்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் சின்னண்ணனைப் போலச் சிக்கனமாகக் குடிக்கத் தெரிந்தவன் பிறக்கவில்லை. அப்போது மதுவிலக்கை நீக்கிக் கடை திறந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. அதற்குள் எந்தக் கடையில் எந்த பீர் சல்லிசு, எது வெறும் நுரை, எதில் உள்ளே சரக்கு இருக்கிறது என்று அத்தனையும் அவருக்கு அத்துபடி. கரடி படம் போட்ட பீர்தான் அவர் கட்சி. மயில் படம் போட்ட பீர்க்காரர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "குடுக்கற காசுல பாதி அந்த மயிலுத் தாளுக்கே போயிருது. தாளையா நக்கறது?" என்பார். ஒற்றை ஆள் ஒரு பாட்டில் வாங்குவது பாவம் என்பது அவர் கொள்கை. சந்தை நாளில் மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, வெறும் வயிற்றில் குடித்துவிட்டு, பஸ் ஏறாமல் உச்சி வெயிலில் நடந்தே ஊர் வந்து சேருவார்கள். வெயிலில் நடந்தால் ஒரு கிளாஸ் இரண்டு கிளாஸ் வேலை செய்யும். பஸ் காசும் மிச்சம். காலி பாட்டில் யாருக்கு என்பதில் மட்டும் ஊர் எல்லைவரை சண்டை நடக்கும்.

"டாக்டரு என்ன சொன்னாரு மாப்ள?" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார் சின்னண்ணன்.

"பார்லித் தண்ணி குடிக்கச் சொன்னாருங்க மச்சான்."

"பாத்தியா! அதையேதான் சொல்ல வந்தேன். பீரு எதுலருந்து எடுக்கறான்? பார்லிலருந்துதான. படிச்ச மனுசன், வாயத் தொறந்து பீரு குடின்னு சொல்லுவாரா? பார்லித் தண்ணீன்னு நாசூக்காச் சொல்லியுட்டிருக்கறாரு. நம்மதான் புரிஞ்சுக்கோணும்."

"அப்படியுங்களா?"

"லாரிக்காரனுகளக் கேளு. இஞ்சின் சூட்டுல உக்காந்து உக்காந்து கல்லடைக்காத டிரைவரு எவன் இருக்கறான்? எவனாச்சும் கிழிச்சு எடுத்திருக்கறானா? ரெண்டு பாட்டலு, கல்லு தானா ஓடியாந்துரும்."

செங்கோட்டையன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்த சௌந்திரம் கத்தியைக் கீழே வைத்தாள்.

அவளுக்குப் பயமில்லாமல் வேறு யாருக்குப் பயம் இருக்கும்? இருபது வருசம் குடித்த மனுசன் அவர். கடை இருந்தபோதும் குடித்தார், கடை இல்லாதபோதும் குடித்தார். கொல்லிமலை அடிவாரத்தில் காய்ச்சியது, ஓடைக்கரையில் காய்ச்சியது, எதையும் விட்டதில்லை. பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் ஒருநாள் சோற்றில் உப்பு இல்லை என்று வெண்கல வட்டிலைத் தூக்கி எறிந்தார். சௌந்திரத்தின் இடது புருவம் பிளந்து நாலு தையல். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம்: சோற்றைப் போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டு, அவர் முதல் கவளத்தை எடுப்பதற்குள் அவள் கட்டுத்தரைக்குப் போய்விடுவாள். மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடுவாள், சாணி வழிப்பாள், ஒன்றும் வேலையில்லை என்றால் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டு நிற்பாள். அவர் கை கழுவுகிற சத்தம் கேட்டபின்தான் திரும்பி வருவாள்.

மகள் வயசுக்கு வந்த வருசம் செங்கோட்டையன் காளியம்மன் சன்னிதியில் சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். கை கொப்பளித்துப்போயிற்று. ஆறு வருசமாக ஒரு சொட்டுக் கிடையாது. குடி நின்றது. ஆனால் சௌந்திரம் கட்டுத்தரைக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. போக வேண்டும் என்று அவள் நினைத்துப் போகவில்லை, கால்கள் பழகிப்போய்விட்டன.

இப்போது அண்ணன்காரன் வந்து உட்கார்ந்துகொண்டு பீர் என்கிறான். ஒரு மாதம் மருந்தென்று குடித்துவிட்டு, அப்புறம் மருந்தை நிறுத்து என்றால் இந்த மனுசன் நிறுத்துவாரா? பழைய வட்டில் திரும்பப் பறக்குமா? குடிக்க விடாமல் தடுத்தால், சேலத்தில் கிழித்துக்கொண்டு வந்து இவர் காடு கரை பார்ப்பாரா? இரண்டு பக்கமும் அவளுக்குப் பயம்தான்.

"சத்தியம் பண்ணீருக்கறாங்கண்ணா," என்றாள் வெளியே வந்து.

"கள்ளும் சாராயமும் தொடமாட்டேன்னுதான அம்மிணி சத்தியம்? அன்னிக்கு இந்த ஊர்ல பீரு ஏது?"

"ஆத்தா முன்னால வக்கீலு பேச்சுப் பேசாதீங்க."

"செரி, ஆத்தாளையே கேட்டுரு. பூப்போட்டுப் பாரு."

அதைத்தான் செய்தாள். செவ்வாய்க்கிழமை காளியம்மன் கோயிலில் பூசாரி வீரபாகு ஒரு வெள்ளை அரளியையும் ஒரு சிவப்பு அரளியையும் தனித்தனி இலையில் பொட்டலம் கட்டி ஆத்தா காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். பூசாரியின் பேத்தி, நாலு வயசுக் குட்டி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய் ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தது. பிரித்தார்கள். வெள்ளை.

சின்னண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். செங்கோட்டையன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சௌந்திரம் ஆத்தாளை ஏறிட்டுப் பார்த்தாள். நீயும் பொம்பளதானே, உனக்குமா தெரியவில்லை என்று மனசுக்குள் ஒரு வசவு வைதுவிட்டு வெளியே வந்தாள். வந்ததும் கோயில் வாசலிலேயே கறாராகச் சொன்னாள்.

"இந்தாங்க, ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. பூட்டி வெக்கறது நானு. ஊத்தறது நானு. நான் ஊத்துனதுக்கு மேல ஒரு சொட்டுக் கேக்கக் கூடாது. குடிச்சு முடிக்கற மட்டும் நான் முன்னாலயே உக்காந்திருப்பேன். சம்மதமா?"

"சம்மதம்," என்றார் செங்கோட்டையன்.

மறுநாள் சின்னண்ணன் ஒரு பெட்டியே கொண்டுவந்து இறக்கினார். பன்னிரண்டு பாட்டில், வைக்கோல் சுற்றி. "பெட்டியா எடுத்தாத்தான் சல்லிசு. சில்லறையா வாங்கறவன் கேனயன்," என்றார். கரடி மார்க்தான். ஊரில் ஐஸ் பெட்டி ஏது? ஒரு பாட்டிலைச் சாக்கில் கட்டிக் கிணற்றுத் தண்ணீரில் இறக்கிவிடச் சொன்னதும் அவர்தான். மீதியைச் சௌந்திரம் விதைக்கடலை மூட்டைகளோடு உள்ளறையில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பொழுது சாய்ந்து, காட்டில் வெங்காயம் பிடுங்கிய ஆட்கள் போனபின், வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த செங்கோட்டையனிடம் டம்ளரை நீட்டினாள். எதிரில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருசத்தில் அவர் வாய் வைத்து ஒன்றைக் குடிப்பதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கண்ணில் அந்தப் பழைய பளபளப்பு வருகிறதா, உதடு கோணுகிறதா என்று அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒரு மிடறு விழுங்கி முகத்தைச் சுளித்தார்.

"கசக்குது."

"ஆமா, வேப்பங்கொழுந்து அரச்சுக் குடுத்தா ஊரக் கூட்டுவீங்க. இது கசந்தா இனிக்குமாக்கும்."

சொன்ன பிறகுதான், தான் அவரைக் கேலி செய்ததே அவளுக்கு உறைத்தது. செங்கோட்டையன் லேசாகச் சிரித்தார். டம்ளரில் பாதி இருந்தது. அது தீருகிறவரை அவள் எழுந்து போக முடியாது. சும்மா எத்தனை நேரம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது?

"வெங்காயம் இந்தத் தாட்டி காய் செறுசு," என்றார் அவர்.

"தண்ணி பத்துல. கரண்டு ராத்திரிக்கே குடுத்தான்னா என்ன பண்றது?"

"பட்டறை போட்டு வெச்சிருந்து ஆடில விக்கலாமா?"

"என்னையவா கேக்கறீங்க?"

"உன்னையத்தான். வேற ஆரு இருக்கறா இங்க?"

அவள் யோசித்தாள். போன வருசம் குவித்து வைத்த பட்டறை மழையில் நனைந்து வெங்காயம் அழுகிப்போனதைச் சொன்னாள். மேலே கரும்புத் தோகை வேய்ந்தால் நனையாது என்று சொன்னாள். மகள் எழுதிய கடிதத்தில் மாமியார்க்காரி பற்றி ஒரு வரி இருந்ததே, அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேரும் பேசினார்கள். டம்ளர் எப்போதோ காலியாகியிருந்தது.

சௌந்திரத்துக்குச் சிக்கனம் அண்ணனைப் போலவே ரத்தத்தில் ஊறியது. ஒரு பாட்டிலை உடைத்தால் காலையில் பாதி, மாலையில் பாதி. மீதியின் வாயில் சோளச்சக்கையை வைத்து அடைத்து வைப்பாள். இரண்டாம் நாள் எட்டிப்பார்த்த சின்னண்ணன் அதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டார்.

"அடக் கெரகமே! ஒடச்சா அப்பவே குடிச்சுப்போடோணும் அம்மிணி. இல்லீன்னா காத்துப் போயிரும். அப்பறம் அது குதிர மூத்திரம்."

"மருந்துக்கு என்ன காத்து? கசாயத்துல காத்தா இருக்குது?"

அதோடு அவளுக்கு இன்னொரு யோசனையும் வந்தது. டாக்டர் சொன்னது பார்லி. பீரும் பார்லி. இரண்டும் ஒரே தானியம்தானே, கலந்தால் என்ன கெட்டுப்போகிறது? எருமப்பட்டியில் ஒரு டப்பா பார்லி வாங்கிவந்து கஞ்சி காய்ச்சி வடிகட்டினாள். நாலாம் நாள் பாதிக்குப் பாதி கலந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் முக்கால் கஞ்சி. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. இப்படியே குறைத்துக்கொண்டு போனால் மருந்தும் ஆயிற்று, மனுசன் பழைய வழிக்குப் போகாமலும் காப்பாற்றியாயிற்று. அடுத்த வாரத்தில் டம்ளரில் இருந்ததெல்லாம் பார்லிக் கஞ்சி. வாசத்துக்கு மேலே ஒரு மூடி பீர். ஆத்தாளே, நல்ல வேளை அந்தக் காலத்திலேயே நாக்குச் செத்துப்போயிற்று இந்த மனுசனுக்கு என்று நினைத்துக்கொள்வாள்.

வலி மட்டும் நிற்கவில்லை. காலையில் எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, அப்பா" என்பார். அவள் விளக்கெண்ணெயைச் சுடவைத்துத் தடவுவாள். பொழுதோடு டம்ளர் வரும். அவர் சொட்டுச் சொட்டாகக் குடிப்பார். முதல் வாரம் அரை மணியில் முடிந்தது, இரண்டாம் வாரம் ஒரு மணி நேரம் ஆயிற்று. மழை வருமா, கெடேரிக்குச் சினை நின்றதா, ராசிபுரம் நெய்க்காரன் ஏன் இந்த மாதம் வரவில்லை என்று பேச எத்தனையோ இருந்தது. ஒருநாள் அவள் அவர் தட்டத்தையும் அங்கேயே கொண்டுவந்து வைத்தாள். பேச்சு மும்முரத்தில் எழுந்து போக மறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்கல்லில் துணி துவைக்கும்போது அவருடைய சட்டைப் பையில் ஏதோ நெருடியது. மடித்த காகிதம். சுவரில் தொங்குகிற தினக் காலண்டரில் கிழித்த தாள். பிரித்தாள். உள்ளே பழுப்பு நிறத்தில், முள்முள்ளாக, துவரம்பருப்பை விடச் சின்னதாக ஒரு கல். தாளில் பெரிதாக இருபத்தேழு என்று அச்சடித்திருந்தது. இருபத்தேழு என்றால் போன செவ்வாய்க்கிழமை.

சௌந்திரத்துக்கு முதலில் உயிர் வந்தது. கல் விழுந்துவிட்டது, கிழிக்க வேண்டியதில்லை. அடுத்த மூச்சில் கணக்கு உறைத்தது. விழுந்து ஐந்து நாள் ஆகியிருக்கிறது. இன்றைக்கு விடிகாலைகூட ஐயோ அப்பா என்று எண்ணெய் தடவச் சொன்னாரே? எதற்கு? வேறெதற்கு, பொழுதோடு வருகிற டம்ளருக்குத்தான். ஈரக்கையோடு காட்டுக்கு நடந்தாள்.

பந்தல் நிழலில் செங்கோட்டையன் தனியாக உட்கார்ந்து பிடுங்கிய வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தார். அவள் காகிதத்தைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இது எப்ப உழுந்துச்சுங்க?"

அவர் பார்த்தார். அரிவாளைக் கீழே வைக்கவில்லை.

"செவ்வாக்கெழம. விடியாலெ."

"இன்னிக்கு என்ன கெழம?"

அவர் இன்னொரு வெங்காயத்தை எடுத்தார்.

"அஞ்சு நாளா எண்ணெ தடவுனது? ஐயோ அப்பான்னது? எல்லாம் அந்தக் கருமத்தக் குடிக்கறதுக்குத்தானுங்களா? பாவி மனுசா, கை கொப்பளிக்கச் சூடம் அணச்சீங்களே! ஆறு வருசமா என்ற ஊட்டுக்காரரு திருந்திட்டாருன்னு ஊரெல்லாஞ் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சனே, என்னையச் செருப்பால அடிக்கோணும்."

"குடிக்கறதுக்கா?" என்றார் செங்கோட்டையன். "நீ ஊத்துனதுல பீரு எங்க புள்ள இருந்துச்சு?"

சௌந்திரம் நீட்டிய காகிதத்தை மடிக்க ஆரம்பித்தாள்.

"மொத மூணு நாளு இருந்துச்சு. நாலாம் நாளு பாதி. இந்த வாரமெல்லாம் சுத்தமாப் பார்லிக் கஞ்சிதான். மேலாப்பல ஒரு மூடி ஊத்தியிருப்ப. இருவது வருசம் குடிச்சவன் நானு. இது தெரியாதா எனக்கு?"

"தெரிஞ்சா எதுக்குக் குடிச்சீங்க? எதுக்கு நடிச்சீங்க?"

அவர் மூன்று வெங்காயம் அரிந்து குவியலில் போட்டார். நாலாவதை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நீ முன்னால உக்காந்திருந்தீல்ல. அதுக்குத்தான்."

காற்றில்லை. தூரத்தில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"கல்லு உழுந்துருச்சுன்னு செவ்வாக்கெழமயே சொல்லியிருந்தா, அன்னிக்குப் பொழுதோட தட்டத்த வெச்சுட்டுக் கட்டுத்தரைக்குப் போயிருப்ப. எதுக்குப் போறீன்னும் எனக்குத் தெரியும். போகாத, உக்காருன்னு சொல்றதுக்கு எனக்கு வாயில்ல. கல்லு இருந்தா நீயா வந்து உக்காந்துக்கற."

சௌந்திரம் அங்கேயே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கோபம் இருந்தது. இந்த மனுசன் கெட்டுப்போகவில்லை என்கிற சந்தோசமும் இருந்தது. பன்னிரண்டு வருசம் மாட்டுக் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றதை நினைக்க நினைக்க அழுகை பெரிதாகத்தான் வந்தது. அவர் தொடவுமில்லை, தேற்றவுமில்லை. அழுது முடிக்கட்டும் என்று வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அதுக்குப் பொய் சொல்லுவாங்களா?" என்றாள் மூக்கைச் சிந்திக்கொண்டு.

"தப்புத்தான்."

"வட்டல எறிஞ்சீங்களே, அது?"

செங்கோட்டையன் அவள் புருவத்தைப் பார்த்தார். அதற்குமுன் அவர் அந்தப் பக்கம் நேராகப் பார்த்ததே கிடையாது.

"அதுவுந் தப்புத்தான் சௌந்திரம். அதுதான் பெரிய தப்பு."

இதை அவர் சொல்லி அவள் கேட்டதில்லை. சூடம் அணைத்த அன்றைக்குக்கூட ஆத்தாளிடம்தான் சொன்னார், அவளிடம் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் ஒரு அரிவாளை எடுத்தாள். இரண்டு பேரும் குவியல் தீருகிறவரை தாள் அரிந்தார்கள்.

பொழுது இறங்கும் நேரத்துக்குச் சின்னண்ணன் வந்தார். கல் விழுந்த சேதி கேட்டு, "நாஞ் சொன்னனா இல்லியா?" என்று தொடையைத் தட்டினார். உள்ளறையில் ஏழு பாட்டில் அப்படியே இருப்பதைக் கண்டதும் அவருக்கு அதற்குமேல் சந்தோசம் தாங்கவில்லை. "பத்து நாளுக்கு மேல ஆயும் ஒரு பெட்டியத் தீக்காத ஊட்ட நான் இப்பத்தான் பாக்கறேன்," என்று சொல்லிக்கொண்டே மொத்தத்தையும் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு, ஆத்தாளைக் கும்பிட்டபடி போனார். பீர்தான் கல்லை இறக்கியது என்று சந்தையில் அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சௌந்திரம் களியும் வெங்காயக் குழம்பும் செய்திருந்தாள். அவருக்குப் போட்டு வைத்தாள். உள்ளே போய் இன்னொரு வட்டிலில் தனக்கும் போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்து களியைப் பிட்டார். கட்டுத்தரையில் கெடேரி ஒருதரம் கத்தியது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் கத்தியது.

"மாடு கத்துது புள்ள," என்றார் செங்கோட்டையன்.

"கத்தட்டுங்க. தின்னு போட்டுப் போறேன்."